பைகாரா கரண்டும் பனியன் கம்பெனியும்

திருப்பூர் சரித்திரம் என்று யார் எழுத உட்கார்ந்தாலும் 1925-ல் தொடங்குவார்கள். குலாம் காதர் அவர்கள் பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் ஆரம்பித்தது, அன்றைக்குப் பனியன் என்றாலே கல்கத்தா என்றிருந்தது, இங்கே கையால் சுற்றும் மெஷினில் தொழில் பிறந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த பாராவில் ஒரே தாவாகத் தாவி 1970-களின் கடைசியில் இத்தாலிக்கு ஏற்றுமதி என்று போய்விடுவார்கள். நடுவில் ஐம்பது வருஷம் காணாமல் போய்விடுகிறது. அந்த ஐம்பது வருஷத்தில் நடந்த பெரிய சங்கதி ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் வந்தது. மின்னியல் படித்தவன் எழுதுகிறேன் என்பதால் ஒருதலைப்பட்சம் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். நம்ம ஊரில் தையல் யூனிட்டுக்கு என்ன பேர்? பவர் டேபிள். நீள மேஜை, அடியில் ஓடும் ஷாஃப்ட், அதை ஓட்டும் ஒரு மோட்டார், மேலே வரிசையாகத் தையல் மெஷின்கள். ஒரு தொழிலுக்கே மின்சாரத்தின் பேரை வைத்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எது?

சரி, அந்தப் பவரை யார் கொண்டுவந்தார்கள்? கம்பி கட்டியவர், கோபுரம் ஏற்றியவர், காட்டில் குழாய் சுமந்தவர் எல்லோரும்தான். ஆனால் அத்தனைக்கும் மேலே ஒரு நாற்காலி இருந்தது. தலைமைப் பொறியாளர் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டர்பைன் எத்தனை, கம்பி என்ன தடிமன் என்பதெல்லாம் அவருக்குக் கீழே இருப்பவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு பணம் போட்டுக் கட்டுகிறீரே, இந்தக் கரண்டை யார் வாங்கப் போகிறார்கள்?"

இந்தியாவின் முதல் பெரிய நீர்மின் திட்டங்களில் இந்தக் கேள்விக்கு விடை கையிலேயே இருந்தது. மைசூர் சமஸ்தானம் 1902-ல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தபோது, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். வாங்குகிறவன் யார் என்று முடிவான பிறகுதான் வேலையே தொடங்கியது. பம்பாய்ப் பக்கம் டாடா நிறுவனம் 1915-ல் கோபோலியில் நிலையம் திறந்தபோது, பம்பாய் மில்கள் வரிசையில் நின்றன. நம் நீலகிரியிலும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் ஒரு சின்ன நிலையம் ஏற்கெனவே இருந்தது. அதற்கும் ஒரே வாடிக்கையாளர்தான்.

பைகாரா அப்படியில்லை. சென்னை மாகாண அரசு 1920-களில் பைகாரா ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில்லும் இன்னும் சில மில்களும் இருந்தன. திருப்பூரில் பஞ்சுச் சந்தை இருந்தது, ஜின்னிங் ஃபேக்டரிகள் இருந்தன. மீதியெல்லாம் மானாவாரிக் காடும், ஆழக் கிணறும், கவலை ஓட்டும் மாடும். இதை நம்பி அரசாங்கக் கஜானாப் பணத்தைக் காட்டாற்றில் போடலாமா?

போடலாம் என்று நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அரசியல் பக்கம்: 1923 முதல் 1928 வரை கவர்னர் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர். மேட்டூரும் பைகாராவும் நடந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். பின்னாளில் திருவாங்கூர் திவானாக அவர் செய்ததைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, அது வேறு கதை. இன்னொருவர் பொறியாளர் பக்கம்: மேஜர் எச்.ஜி. ஹோவர்ட், பின்னாளில் சர் ஹென்றி ஹோவர்ட். 1927-ல் மாகாணத்தில் மின்சாரத்துக்கென்று தனித் துறை வந்தபோது அதன் தலைமைப் பொறியாளர் இவரே. ஒருவர் பணத்துக்கு வாதாட, மற்றவர் கணக்குக்குப் பொறுப்பேற்றார். இந்த ஜோடி அமையாமல் பெரிய மின் திட்டம் எதுவும் நடந்ததாக நான் படித்ததில்லை.

பைகாராவின் பொறியியல் அழகைக் கொஞ்சம் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தண்ணீர் விழும் உயரம் சுமார் 939 மீட்டர், அதாவது 3,000 அடிக்கும் மேல். நம் மூன்றாம் செமஸ்டர் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், 939 மீட்டர், 9.81 - பெருக்கினால் 9,200 கிலோவாட்டுக்கு மேல் வரும். நஷ்டமெல்லாம் கழித்தாலும் 7,500 தேறும். அதே தண்ணீரை மேட்டூர் அணை உயரத்திலிருந்து விழவிட்டால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆறு சின்னது, உயரம் பெரிது. ஆகவே அகலமான அணை வேண்டாம், அழுத்தம் தாங்கும் குழாய் வேண்டும், பெல்டன் சக்கரம் வேண்டும். மேலே கிளன்மார்கன், கீழே சிங்காரா. நடுவில் செங்குத்தான மலை. அதில் ரயில் பாதைபோல் தண்டவாளம் போட்டு வின்ச் வைத்து ஆளையும் சாமானையும் இறக்கினார்கள். கீழே மசினகுடிப் பக்கம் அந்தக் காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன காடு. கட்டுமான வேலைக்கே கரண்ட் வேண்டுமே என்று 1928 வாக்கில் கிளன்மார்கனில் ஒரு குட்டி நிலையத்தை முதலில் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்குச் சைட்டில் "கன்ஸ்ட்ரக்ஷன் பவர் வரவில்லை, அதனால் தாமதம்" என்று கடிதம் எழுதுகிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் கடிதம் எழுதவில்லை, பவர் ஹவுஸ் கட்டினார்கள்!

1932-ல் சிங்காரா ஓடத் தொடங்கியது. முதலில் மூன்றே மெஷின், ஒவ்வொன்றும் 6,650 கிலோவாட். மொத்தம் 20 மெகாவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாலைந்து பெரிய மில் சேர்ந்தால் அதைத் தின்றுவிடும். ஆனால் ஹோவர்டின் தலைமை எங்கே தெரிகிறது என்றால் இந்தச் சின்ன எண்ணில்தான். பெரிய நீர்த்தேக்கத்தை முதல் நாளே கட்டவில்லை. முதலில் ஆற்றோட்டத்தையும் சின்னத் தேக்கங்களையும் வைத்துத் தொடங்கினார்கள். லோடு ஏற ஏற முக்குறுத்தி அணை 1938-ல் வந்தது, மெஷின்கள் கூடின, கடைசியில் அந்த நிலையம் 59.2 மெகாவாட் வரை போனது. வாங்குகிறவன் இன்னும் பிறக்கவில்லை, ஆனால் பிறப்பான் என்று நம்பிக் கட்டுவது ஒரு துணிச்சல். அவன் பிறக்கும் வேகத்துக்கு ஏற்ற மாதிரி கட்டம் கட்டமாகக் கட்டுவது அதைவிடப் பெரிய நிதானம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

66 கே.வி. கம்பி கோயம்புத்தூருக்கு வந்தது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த 1930-களில் கோவையில் மில் மேல் மில்லாக எழுந்தது. பஞ்சு மலிவு, மெஷின் மலிவு, கூடவே கரண்டும் கையெட்டும் தூரத்தில். மின்துறைக்கும் மில் என்றால் தங்கமான வாடிக்கையாளர். வீட்டு விளக்கு சாயங்காலம் மூணு மணி நேரம் எரிந்து அணைந்துவிடும். மில் ராத்திரி ஷிஃப்டும் ஓடும். போட்ட முதலுக்கு இருபத்துநாலு மணி நேரமும் வட்டி வந்த மாதிரி. பகலுக்குக் கிணற்று மோட்டார்கள் சேர்ந்துகொண்டன. மாடு கட்டிக் கவலை இறைத்த கோவை ஜில்லா, நாட்டிலேயே முன்னோடியாகப் பம்புசெட்டுக்கு மாறியது இந்தக் கம்பியால்தான்.

அதே 1932 ஜனவரியில்தான் திருப்பூர்த் தெருவில் கொடியைக் கையில் பிடித்தபடி அடிபட்டு விழுந்து, 11-ம் தேதி குமரன் உயிர்விட்டார். கதர் இயக்கத்துக்குத் திருப்பூர் ஒரு பெரிய மையம். கைராட்டையின் ஊருக்கு அதே வருஷம் பக்கத்து மலையிலிருந்து மின்சாரம் புறப்பட்டது என்பதை நினைத்தால் ஏதோ செய்கிறது. இதற்கு மேல் அதில் அர்த்தம் தேட நான் விரும்பவில்லை.

திருப்பூர் விஷயத்துக்கு வருவோம். பைகாரா லோடு கணக்கில் மில் இருந்திருக்கும், ஜின்னிங் இருந்திருக்கும், ஊர் விளக்கு இருந்திருக்கும். அரை ஹெச்.பி., ஒரு ஹெச்.பி. மோட்டாரில் ஓடும் பின்னல் மெஷின் இருந்திருக்குமா? அந்தத் தொழிலே அப்போது ஏழு வயசுப் பிள்ளை. கையால் சுற்றிய மெஷினில் மோட்டார் மாட்டியதும்தான் பிள்ளை நடக்கத் தொடங்கியது. மில் வைக்க லட்சக்கணக்கில் முதல் வேண்டும். பனியன் கம்பெனிக்கு ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு மெஷின், ஒரு சர்வீஸ் கனெக்ஷன் போதும். விவசாயி மகன், நேற்றுவரை கூலிக்கு ஓட்டியவர், இரண்டு பங்காளிகள் சேர்ந்தவர்கள் எல்லோரும் முதலாளி ஆனது இப்படித்தான். பெரிய திட்டத்தின் தலைவர் யாரை மனதில் வைத்துக் கட்டினாரோ அவருக்குக் கிடைத்தது. கணக்கிலேயே வராதவருக்கும் கிடைத்தது. எனக்குப் பைகாராவின் உண்மையான வெற்றி இந்த இரண்டாவதுதான்.

மேட்டூர் அணை மின்நிலையம் 1937-ல் வந்தது. பைகாராவும் மேட்டூரும் ஈரோட்டில் கைகோத்தன. பாபநாசம் யுத்தத்தால் தாமதப்பட்டு 1944-ல் சேர்ந்தது. 1957 ஜூலை 1-ம் தேதி மின்சார வாரியம் பிறந்தது. காமராஜர் மந்திரிசபையில் ஆர். வெங்கட்ராமன் தொழிலையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கவனித்தார். மறுபடி பழைய ஜோடி: மேலே புரிந்துகொள்ளும் மந்திரி, கீழே கட்டத் தெரிந்த பொறியாளர்கள். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு குந்தா வந்தது. அவலாஞ்சி, எமரால்டு தண்ணீரை முதல் பவர் ஹவுஸில் ஓட்டி, அதே தண்ணீரைக் கெத்தையில் ஓட்டி, பரளியில் ஓட்டி, பில்லூரில் ஓட்டி, கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் குடிக்கவும் கொடுத்தார்கள். சிக்கனம் என்றால் அதுதான்! 1960-ல் குந்தா ஓடத் தொடங்கியது. முன்னே கட்டு, லோடு பின்னே வரும் என்ற ஹோவர்ட் காலத்துப் பழக்கம் வாரியத்திலும் கொஞ்ச காலம் தொடர்ந்தது.

இந்தப் பெருமையெல்லாம் பேசும்போது பெருமாநல்லூரைத் தாண்டிப் போகக்கூடாது. திருப்பூரிலிருந்து கூப்பிடு தூரம். 1970 ஜூன் 19-ம் தேதி, மின் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த விவசாயிகள் போராட்டத்தின் ஆரம்பக் கட்டம் அது. தகராறு யூனிட்டுக்குச் சில காசுகளைப் பற்றியது. மாட்டை விற்று மோட்டார் வைத்தவனுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. கவலையும் இல்லை, மாடும் இல்லை. அவனுக்கு அந்தக் காசுதான் உயிர். கரண்ட் கொடுப்பது வேறு, அதற்கு விலை வைப்பது வேறு என்று வாரியத்துக்கு ரத்தத்தில் எழுதிக் காட்டிய நாள்.

இனி நம் தலைமுறை கதை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1990-களின் நடுவில் முடிந்தது. அதற்குப் பிறகு வாரியத்தின் சொந்த அனல்மின் அலகு என்று சொல்லும்படி ஒன்று வர 2013 ஆனது. பதினைந்து வருஷத்துக்கு மேல்! இதே காலத்தில்தான் திருப்பூர் ஏற்றுமதியில் குதிரைப் பாய்ச்சல் பாய்ந்தது. கம்ப்யூட்டர் பின்னல் மெஷின், சாஃப்ட் ஃப்ளோ டையிங், காம்பாக்டிங் என்று லோடு எகிறியது. வாங்குகிறவன் இல்லாதபோது கட்டினார்கள். வாங்குகிறவன் வாசலில் நின்றபோது கட்டவில்லை. இதற்கு ஒரு ஆளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வாரியத்தின் பணமுடை, இலவசங்களின் பாரம், தனியார் வந்து கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்தது. ஆனால் "2008-ல் இவ்வளவு குறையும், இன்றே தொடங்குங்கள்" என்று மேஜையைத் தட்டிச் சொல்லி ஜெயிக்கும் பலம் அந்தப் பழைய நாற்காலிக்கு இல்லாமல் போயிருந்தது என்பது என் கருத்து. அனல்மின் நிலையம் ஒன்று முடிய நாலைந்து வருஷம் ஆகும். தட்ட வேண்டிய நாளில் தட்டாவிட்டால் பிறகு எவ்வளவு தட்டினாலும் பலனில்லை.

2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. என் சித்தப்பா அப்போது பதினாறு மெஷின் பவர் டேபிள் வைத்திருந்தார். ஈ.பி. ஆபீஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, கரண்ட் வரும் நேரத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் கரண்டுக்கு டெய்லர் எங்கிருந்து வருவார்? பெரிய கம்பெனிகள் காற்றாலை வைத்திருந்தன, வெளியில் கரண்ட் வாங்கின, ஜெனரேட்டர் ஓட்டின. டீசலில் ஓட்டினால் யூனிட் செலவு இரண்டு மடங்குக்கு மேல். ஜாப் ஒர்க்காரர் ரேட்டோ பழைய ரேட். பின்னல் மெஷின் நடுவில் நின்றால் துணியில் கோடு விழும். சாயத்தில் நடுவில் கரண்ட் போனால் ஷேடு மாறி லாட்டே போய்விடும். இதற்கிடையில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும். அந்தச் சுத்திகரிப்புக்கு, ஆர்.ஓ.வுக்கும் ஆவியாக்கிக்கும், கரண்ட் மூட்டை மூட்டையாக வேண்டும். நொய்யலைக் காப்பாற்றவும் மின்சாரம் தேவை என்ற நிலையில் ஊர் இருட்டில் இருந்தது. பைகாரா காலத்தில் கணக்கில் வராமலே பலன் பெற்றாரே அந்தச் சின்ன ஆள், அவரே இப்போது கணக்கில் வராமல் நஷ்டப்பட்டார்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அப்போது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் வாங்கக் கரண்ட் இருந்தது. கொண்டுவரக் கம்பி போதவில்லை. தென்னக மின்தொகுப்பு மற்ற தொகுப்போடு ஒரே தாளத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ம் தேதிதான், ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. பாதை வழியாக. அதே 2013-ல் மேட்டூரின் புதிய 600 மெகாவாட் அலகு வந்தது, வடசென்னை இரண்டாம் கட்டம், வல்லூர், கூடங்குளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2015-ல் கட்டுப்பாடுகள் விலகின. சித்தப்பா அதற்கு முன்பே டேபிளை விற்றுவிட்டார்.

கம்பி போதாத குறையைத் தீர்க்க வந்ததுதான் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கொங்கு மண்ணில் உள்ள புகளூர் வரையிலான 800 கே.வி. நேர் மின்னோட்டப் பாதை. நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல், திறன் 6,000 மெகாவாட். முதல் பைகாராவைப் போல 300! பவர் கிரிட் நிறுவனம் கட்டி, 2020-21-ல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து 400 கே.வி. தடங்கள் திருப்பூர், கோவை மாவட்டத் தோட்டங்கள் வழியே பிரிகின்றன. இன்னொரு தடம் திருச்சூருக்கு.

இங்கேதான் தலைமை என்பது சிங்காராக் காட்டில் இருந்ததைவிடக் கஷ்டமாகிறது. ஹோவர்டின் எதிரி மலையும் மலேரியாவும். இன்றைய திட்ட இயக்குநரின் எதிரே நிற்பவர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நம் சொந்தக்காரர். 400 கே.வி. தடத்துக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். அதற்குள் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. பட்டா அவர் பேரில்தான் இருக்கும், ஆனால் பாங்க்கிலோ விலைக்கோ அந்த நிலத்துக்குப் பழைய மதிப்பு இருக்காது. சட்டம் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நட எழுதிய அதிகாரத்தை வைத்து அறுபது எழுபது மீட்டர் டவர் நிறுத்துகிறோம். 2018 கடைசியில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். திருச்சூர்த் தடத்தில் கேரள எல்லைக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் தலைக்கு மேலே என்று கேட்டார்கள். கேபிள் செலவு பல மடங்கு என்பது தொழில்நுட்ப பதில். அது சரியான பதிலும்கூட. ஆனால் தோட்டத்து மேட்டில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அந்தச் செலவை என்னோட காட்டுலதான் மிச்சம் பண்ணோணுங்களா?" என்று கேட்டால் பதில் கிடையாது.

நான் வேலை பார்ப்பது டிரான்ஸ்மிஷன் லைன் கட்டும் வேலையில். எங்கள் தொழிலில் மேலே இருப்பவரின் நாள் எப்படிப் போகிறது என்று ஜூனியர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். டிசைன் பேச ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மீதி நேரம் கலெக்டர் ஆபீஸ், தாசில்தார், வனத்துறை, ரயில்வே கிராசிங், கோர்ட், ஸ்ட்ரிங்கிங் கேங்கை எங்கே நிறுத்தி எங்கே அனுப்புவது என்பது. 300 டவரில் 297 முடிந்து மூன்று நின்றால் ஒரு யூனிட்கூடப் போகாது. அந்த மூன்று டவர்க்காரர்களின் வீட்டுத் திண்ணையில் யார் போய் உட்காருவது என்பதுதான் கேள்வி. சைட் இன்ஜினியரை அனுப்பினால் அவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை என்று ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தொகையை முடிவு செய்யக்கூடியவரே, ஃபைலில் கையெழுத்துப் போடக்கூடியவரே போக வேண்டும். போகிற தலைவர்களின் லைன் முடிகிறது. போலீஸ் பாதுகாப்போடு டவர் நிறுத்துவதும் நடக்கிறது. அந்த டவரின் கீழே அடுத்த முப்பது வருஷம் பராமரிப்புக்குப் போகிற லைன்மேன் எந்த முகத்தோடு போவார் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை.

உண்ணாவிரதங்களால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய மின்துறையின் 2015 அக்டோபர் வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பித் தடத்துக்கு 15 சதவீதம் வரை என்று இருந்தது. 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று திருத்தப்பட்டது. புகளூர்த் தடங்கள் எல்லாம் நின்று முடிந்த பிறகு வந்த திருத்தம். இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் தோட்டக்காரர்கள் நம் வகுப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். சந்திப்பு நாளில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவோம் என்று இப்போதே எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள்.